பம்பு நின்ற பிறகும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா. ஆனா சாப்பாட்டுக்குப் பிறகு உன் டர்ன், ஜனங்க தூங்காம பார்த்துக்கோ" என்றார். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் நிம்மதியாகத் தூங்கியவன் நான். அந்த ஹைட்ராலிக்ஸே எனக்குப் பத்துப் பதினைந்து வருஷமாகச் சோறு போடுகிறது. எனவே தூங்குகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை.

நான் பேச வந்தது அக்யூமுலேட்டரைப் பற்றி. தமிழில் அழுத்தத் திரட்டி என்று சொல்லலாம். எங்கள் பட்டறையில் அதற்கு "பாட்டில்" என்றுதான் பெயர். பார்ப்பதற்கு ஒரு கேஸ் சிலிண்டர் மாதிரி, எந்தச் சத்தமும் இல்லாமல் பவர் பேக் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டிருக்கும். பம்பு கத்தும், வால்வு டக் டக்கென்று அடிக்கும், மோட்டார் சூடாகும். இது மட்டும் சாதுவாக நிற்கும். அந்தச் சாதுத்தனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

விஷயம் ரொம்ப எளிது. நம் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது மோட்டார் போட்டு ஏற்றிவிடுகிறோம். கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வருகிறது. மோட்டார் செய்த வேலை மேலே சேர்ந்து கிடக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம். அக்யூமுலேட்டரும் அதுதான். முதன்முதலில் இதைச் செய்தவர்களும் மாடித் தொட்டியில்தான் ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-ல் முடிந்த ஒரு கோபுரம் இன்றும் நிற்கிறது. உயரம் 309 அடி. உள்ளே மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீரின் அழுத்தத்தில் துறைமுகத்தின் மதகுக் கதவுகளும் பளுதூக்கிகளும் ஓடின. அந்த ஹைட்ராலிக் ஏற்பாட்டைச் செய்தவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். தொழிலால் வக்கீல்! (இங்கே அரியர் வைத்திருக்கும் தம்பிகள் மனம் தளர வேண்டாம்.)

அடுத்து நியூ ஹாலந்து என்ற இடத்தில் அதே மாதிரி வேலை வந்தது. அங்கே மண் சரியில்லை, அவ்வளவு பெரிய கோபுரத்தைத் தாங்காது. ஆம்ஸ்ட்ராங் யோசித்தார். உயரம் வேண்டாம், பாரம் போதும். ஒரு நிலைக்குத்து சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டன் தலையில் டன் கணக்கில் எடை. பம்பு தண்ணீரைத் தள்ளினால் எடை மேலே ஏறும். தண்ணீர் எடுத்தால் எடை இறங்கிக்கொண்டே அழுத்தம் கொடுக்கும். கோபுரத்தால் கிடைத்ததைவிடப் பல மடங்கு அழுத்தம், சின்ன இடத்தில். லண்டன் டவர் பிரிட்ஜ் 1894-ல் திறந்தபோது அதன் பாலத் தட்டுகளைத் தூக்கியது இந்த முறைதான். நீராவி இயந்திரங்கள் நிதானமாகத் தண்ணீரை ஏற்றி வைக்கும். கப்பல் வந்தால் சேர்த்து வைத்ததை ஒரேயடியாகச் செலவழிக்கும். 1970-களில்தான் அதை மாற்றி மின்சாரமும் எண்ணெயும் போட்டார்கள்.

இப்போது நாங்கள் பாரம் ஏற்றுவதில்லை, நைட்ரஜனை ஏற்றுகிறோம். எண்ணெய் சுருங்காது. 100 பார் அழுத்தம் கொடுத்தாலும் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது, ஆகவே எண்ணெயில் சக்தியைச் சேர்க்க முடியாது. வாயு சுருங்கும். எஃகுக் கூட்டுக்குள்ளே ஒரு ரப்பர் பை, பைக்குள் நைட்ரஜன், பைக்கு வெளியே எண்ணெய். எண்ணெய் வந்தால் பை சுருங்கும். எண்ணெய் வேண்டுமென்றால் பை விரிந்து தள்ளிவிடும். ஏன் நைட்ரஜன்? அது எதோடும் வம்புக்குப் போகாது. ஆக்ஸிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சந்தித்தால் வெடி. "சார், நைட்ரஜன் தீர்ந்துபோச்சு, வெல்டிங் செக்‌ஷன்ல ஆக்ஸிஜன் சிலிண்டர் சும்மா இருக்கு, அதைப் போட்டு விடட்டுமா?" என்று ஒரு பையன் என்னிடம் போனில் கேட்டிருக்கிறான். நல்ல வேளை, கேட்டான். ஆக்ஸிஜன் சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. நைட்ரஜன் சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. தம்பிகளா, தெர்மோடைனமிக்ஸ் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இது எங்கே வேண்டும்? அலுமினிய டை-காஸ்டிங் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய அலுமினியத்தை அச்சுக்குள் அடித்து நிரப்ப வேண்டும். அந்த அடி ஒரு வினாடியில் சில நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் உலோகம் பாதியிலேயே உறைந்துவிடும். அந்த வேகத்துக்கு நேரடியாகப் பம்பு போடுவதென்றால் ஒரு கிராமத்துக்கான மோட்டார் வேண்டியிருக்கும். அதற்குப் பதில் ஒரு நடுத்தரப் பம்பு, அடுத்த அடிக்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில் பாட்டிலை நிரப்பி வைக்கிறது. நம்ம ஊர்க் காற்றாலைகளிலும் உண்டு. இறக்கைகளை ஹைட்ராலிக்கில் திருப்பும் வகைகளில், கரண்ட் அறுந்தாலும் இறக்கையைத் திருப்பி ஆலையை நிறுத்துவதற்கான சக்தியை உள்ளே இருக்கும் அக்யூமுலேட்டர்தான் வைத்திருக்கும்.

கணக்குக்கு வருவோம். ஒரு வேலைக்கு 5 லிட்டர் எண்ணெய் வேண்டும், அழுத்தம் 200 பாரிலிருந்து 150-க்குக் கீழே இறங்கக் கூடாது. எண்ணெய் வருவதற்கு முன்பு பையில் அடைக்கும் நைட்ரஜன், வழக்கம்போல் குறைந்தபட்ச அழுத்தத்தில் 90 சதவீதம், அதாவது 135 பார். எவ்வளவு பெரிய பாட்டில் வேண்டும்? வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் கணக்கு இந்த மாதிரிதான். பாயில் விதி போட்டேன். 22 லிட்டர் வந்தது. பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். என் மேலதிகாரி பேப்பரைப் பார்க்கவே இல்லை. "எவ்வளவு நேரத்துல எண்ணெய் வெளியே போகுது?" என்று கேட்டார். "அரை செகண்ட் சார்." "அரை செகண்ட்ல வாயு வெளியிலேர்ந்து சூட்டை வாங்கிக்குமா?" அவ்வளவுதான். வாயு விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் அழுத்தம் இன்னும் விழும். வெப்பம் உள்ளே வர நேரமில்லை என்று 1.4 அடுக்குப் போட்டுக் கணக்கிட்டால் 29 லிட்டர். நான் சொன்ன 22-ஐ வாங்கியிருந்தால் அடியின் கடைசிப் பகுதியில் அழுத்தம் இல்லாமல் அத்தனை வார்ப்பும் ஓட்டையாக வந்திருக்கும். வகுப்பில் இந்த இரண்டு விதியும் அடுத்தடுத்த பக்கத்தில்தான் இருந்தன. எப்போது எது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, தேர்விலும் யாரும் கேட்கவில்லை.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கு உண்டு. காலையில் 20 டிகிரியில் 135 பார் அடைக்கிறீர்கள். மெஷின் ஓட ஓட எண்ணெயும் கூடும் சூடாகி 60 டிகிரிக்கு வருகிறது. அதே நைட்ரஜன் இப்போது 153 பார். நம் குறைந்தபட்ச அழுத்தம் 150. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் முழுவதும் வெளியேறி, ரப்பர் பை போய் அடியிலுள்ள வால்வில் மோதுகிறது. நிமிஷத்துக்கு ஒரு முறை, மூன்று ஷிப்டு. "உங்க பை மூணு மாசம்கூட வரலே சார்" என்று வாடிக்கையாளர் திட்டுவார். பையில் குற்றம் இருக்காது. அடைத்தவர் தெர்மாமீட்டர் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கச் சொல்லி எழுதவில்லை.

கூட்டைச் செய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. தையலில்லாத எஃகுக் குழாய், குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. தேவையான நீளத்துக்கு வெட்டி, நுனியைப் பழுக்கக் காய்ச்சி, சுழலவிட்டு, உருளையால் அழுத்திக்கொண்டே வந்தால் நுனி மூடிக் கழுத்தாகும். குயவர் சக்கரத்தில் பானையின் கழுத்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே செக்கச் சிவந்த இரும்பில் நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பிறகு சூடாக்கித் திடீரென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். கழுத்தில் மரை வெட்டி, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை. ஐரோப்பிய விதிப்படி அனுமதித்த அழுத்தத்தைப் போல 1.43 மடங்கு. 330 பார் பாட்டிலுக்கு 472 பார்.

தடிமன் கணக்கு நீங்கள் இரண்டாம் ஆண்டில் போட்டதுதான். உள்விட்டம் 200 மில்லிமீட்டர், சுவர் 15 மில்லிமீட்டர், அழுத்தம் 330 பார். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரண்டு மடங்கால் வகுத்தால் சுற்றுத்தகைவு 220 மெகாபாஸ்கல். எஃகு 880-க்கு மேல் தாங்கினால் நான்கு மடங்கு பாதுகாப்பு. நெடுக்குவாட்டில் இதில் பாதிதான். அதனால்தான் வெடித்தால் நெடுக்காகப் பிளக்கும்.

அந்த 880 பதப்படுத்தியதால் வந்த பலம். அதனால் கூட்டின் மேல் வெல்டிங் வைக்கக் கூடாது, துளை போடக் கூடாது, முத்திரை எண்ணைக்கூட உடம்பில் அடிக்காமல் தோளில்தான் பதிப்போம். ஓர் இடத்தில் கேபிள் தொங்குகிறதே என்று பாட்டில் மேலேயே ஒரு கிளிப்பை வெல்டு வைத்து அழகாகக் கட்டியிருந்தார்கள். பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். வெல்டு பட்ட இடம் கண்ணாடி மாதிரி கடினமாகி, உடையக்கூடியதாக ஆகிவிடும். அன்றே அழுத்தத்தை இறக்கி, அந்தப் பாட்டிலை அறுத்துப் போடச் சொன்னேன். "ஒரு கிளிப்புக்கு இவ்வளவு ரூபா பாட்டிலையா?" என்று அவர்களுக்கு இன்றும் என்மேல் கோபம். 200 பாரில் 50 லிட்டர் நைட்ரஜன் ஒரு நொடியில் விடுபட்டால் சுமார் 2 மெகாஜூல். ஒரு டன் எடையை 200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல மூன்று மடங்கு உயரம். அது ஒரு மூலையில் சத்தமில்லாமல் நிற்கிறது.

இதுவரை சொன்னதைப் புத்தகத்திலும் படிக்கலாம். இனிச் சொல்வதை நான் மேடையில் சொன்னதில்லை. செயலாளரிடம்கூடச் சொல்லவில்லை.

2019-ல் ஒரு டை-காஸ்டிங் தொழிற்சாலைக்கு நாங்கள் பவர் பேக் செய்து கொடுத்தோம். சர்க்யூட் போட்டது நான். ஒரு நாள் அங்கே பாட்டில் பக்கத்து ஹோஸ் இணைப்பில் எண்ணெய்க் கசிவு. அங்கிருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர், இருபது வருஷ அனுபவம், நிதானமான ஆள். மோட்டாரை நிறுத்தினார். கேஜைப் பார்த்தார். பூஜ்யம். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். பூஜ்யம். ஸ்பேனர் போட்டு நட்டைத் தளர்த்தினார்.

ஊசி மாதிரி ஒரு பீச்சல். இடது கை ஆள்காட்டி விரலில் பட்டது.

வலிகூடப் பெரிதாக இல்லையாம். ஒரு புள்ளி, கொசு கடித்த மாதிரி. ஒரு சொட்டு ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவினார். பக்கத்து மருத்துவமனையில் டி.டி. ஊசி போட்டு, "நாளைக்கு வந்து காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி கை வீங்கியது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எண்ணெய் தோலுக்கு அடியில் தசைநார் ஓரமாகவே உள்ளங்கை வரை போயிருந்தது. இரண்டு அறுவை சிகிச்சை. கடைசியில் விரலில் இரண்டு கணு போனது.

இதை நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்தால், துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அது அறுவை சிகிச்சை நிபுணர் உடனே பார்க்க வேண்டிய அவசர கேஸ். நாளைக்கு என்பது கிடையாது. மணிக்கணக்குதான். டாக்டரிடம் "காயம்" என்று சொல்லாதீர்கள். "இத்தனை பாரில் எண்ணெய் உள்ளே போயிருக்கு" என்று சொல்லுங்கள்.

நான் டிராயிங்கை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். என்மேல் கோபப்படவே இல்லை. கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏன் தம்பி, அந்த கேஜு ஜீரோ காட்டுச்சே?"

எனக்குப் பதில் தெரியும். பம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. பம்பு நின்றால் பாட்டிலில் இருக்கும் எண்ணெய் திரும்பிப் போகாமல் தடுப்பதற்காக. இருந்த ஒரே கேஜை நான் பம்புப் பக்கம் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் உண்மையிலேயே பூஜ்யம். மறுபக்கம் அப்போதும் 180 பாருக்கு மேல். கேஜ் பொய் சொல்லவில்லை, அவர் கேட்ட கேள்விக்கான பதில் அதில் இல்லை. பாட்டிலைக் காலி செய்ய ஒரு வால்வும் இருந்தது. டிராயிங்கில் அழகாக இருந்தது. மெஷினில் அது மோட்டாருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில். படுத்துக்கொண்டு கையை விட்டால்தான் எட்டும். பைப் நீளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அங்கே வைத்தேன்.

"கேஜு வால்வுக்கு இந்தப் பக்கம் இருந்ததுண்ணே" என்றேன். "அப்படியா" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

விசாரணை அறிக்கையில் "ஊழியர் பராமரிப்பு விதிமுறையைப் பின்பற்றவில்லை" என்று எழுதினார்கள். அவருக்கு ஒரு மெமோ போனது. அந்த அறிக்கையில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. கல்யாணமான புதுசு, வீட்டுக் கடன், கம்பெனிக்கு அது பெரிய வாடிக்கையாளர். காரணம் எல்லாம் இருந்தது. போட்டேன்.

ஐ.எஸ்.ஓ. 4413 என்று ஹைட்ராலிக் பாதுகாப்புக்கு ஒரு தரவிதி உண்டு. மெஷினை நிறுத்தினால் அக்யூமுலேட்டரின் எண்ணெய் அழுத்தம் தானாக வடிய வேண்டும், இல்லையென்றால் பாதுகாப்பாகத் தனிமைப்படுத்தப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த வரியை நான் படித்ததே விபத்துக்குப் பிறகுதான். எட்டு மாதம் தூக்கம் சரியில்லாமல் இருந்துவிட்டு, ஒரு திருத்தக் குறிப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "கேஜ் தவறான பக்கத்தில் வைக்கப்பட்டது, வடிகால் வால்வு எட்டாத இடத்தில் இருந்தது, வடிவமைப்புப் பிழை" என்று போட்டு, என் பெயரை எழுதி, இரண்டு கம்பெனிக்கும் அனுப்பினேன். எங்கள் பக்கம் மூன்று நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேலை போகவில்லை. அந்தப் பக்கம் மெமோவை ரத்து செய்தார்கள் என்று கேள்விப்பட்டு, போன் செய்து அவரிடமே கேட்டேன். "ஆமா தம்பி, கிழிச்சுட்டாங்க" என்றார். விரல் வரவில்லை.

இப்போது என் சர்க்யூட்டில் பாட்டில் பக்கம் தனி கேஜ் உண்டு. கரண்ட் போனால் தானாகத் திறந்து எண்ணெயைத் தொட்டிக்கு விட்டுவிடும் வால்வு உண்டு. கையால் திறக்கும் வால்வு நிற்கிற ஆளின் இடுப்பு உயரத்தில், முன்பக்கம். தமிழில் ஒரு தகடு: "பம்பு நின்றாலும் இதில் அழுத்தம் இருக்கும். முதலில் வடிக்கவும்." ஓசூர் பக்கம் போகும் மெஷினுக்கு அதே தகடு இந்தியிலும். வேலை பார்க்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்போது தமிழ் தெரியாது. இதற்கெல்லாம் சேர்த்து விலை கொஞ்சம் ஏறும். கொள்முதல் பிரிவு ஒவ்வொரு முறையும் "அந்த ஆட்டோமேட்டிக் வால்வை எடுத்துட்டா எவ்வளவு குறையும்?" என்று கேட்கும். நான் ஒவ்வொரு முறையும் அந்த விரல் கதையைச் சொல்வேன். அதிலும் சில பேர், "சரி சார், அது போகட்டும், எவ்வளவு குறையும்?" என்பார்கள்.

டிராயிங் வெளியே போகும் முன் எங்கள் ஷாப்பில் இருக்கும் ஃபிட்டர் ஒருவரிடம் காட்டுகிறேன். அவருக்குச் சர்க்யூட் குறியீடு எல்லாம் தெரியாது. "இந்த நட்டைக் கழட்டணும்னா நீங்க எங்கே நிப்பீங்க?" என்று மட்டும் கேட்பேன். போன மாதம் ஒரு டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "ஸ்பேனர் திரும்ப இடமில்லையே சார்" என்றார். மறுபடி வரைந்தேன்.

என் நேரம் முடிந்துவிட்டதாகச் செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. அந்தக் கிளிப் வெல்டு வைத்த பாட்டிலை அறுக்கச் சொன்னேன் அல்லவா, அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் கொண்டுவந்திருக்கிறேன். துறைத் தலைவர் அனுமதியோடு ஹைட்ராலிக்ஸ் லேபில் வாசலுக்கு இடதுபக்கம் வைத்திருக்கிறது. ரப்பர் பை, அடி வால்வு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. வெல்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டிருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வந்து தொட்டுப் பாருங்கள். கூர்மையாக இருக்கும், தம்பிகள் கையைப் பார்த்துக்கொள்ளவும்.